முதலில் யார் அனுப்புவது?

ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சங்கடம் பழகிப்போன ஒன்று. உங்களிடம் ரிங்கிட் இருக்கிறது, வெள்ளி வேண்டும். இன்னொருவரிடம் வெள்ளி இருக்கிறது, ரிங்கிட் வேண்டும். நேரில் பார்த்தால் கைக்குக் கை மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு கைப்பேசியில் அனுப்ப வேண்டும் என்றால், முதலில் யார் அனுப்புவது?

நண்பர் என்றால் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவோம். முன்பின் தெரியாதவர் என்றால், முதலில் அனுப்புகிறவர் பணத்தையும் கொடுத்துவிட்டு எதிராளியின் மனசாட்சியை நம்பிக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் நாணய மாற்றுக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் விகிதத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார். 'முதலில் யார்' என்ற கவலையை நமக்காக அவர் சுமப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு.

பெரிய வங்கிகளே இந்தக் கவலையில் அடிபட்டிருக்கின்றன. 1974 ஜூன் 26ஆம் தேதி ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்த ஹெர்ஷ்டாட் வங்கியை அதிகாரிகள் மாலையில் இழுத்து மூடினார்கள். அன்று பகலில் பல வங்கிகள் அதற்கு ஜெர்மன் மார்க்கைக் கொடுத்து முடித்திருந்தன. ஈடான அமெரிக்க டாலர் நியூயார்க்கில் வர வேண்டியிருந்தது. அங்கே அப்போதுதான் காலைப் பொழுது. கொடுத்தது போயிற்று, வர வேண்டியது வரவில்லை. இன்றுவரை நிதித்துறையில் இந்த ஆபத்துக்கு 'ஹெர்ஷ்டாட் அபாயம்' என்றே பெயர்.

வங்கிகள் கண்ட தீர்வு, இன்னும் பெரிய நடுவர். 2002இல் செயல்படத் தொடங்கிய சிஎல்எஸ் என்ற வங்கி, இரு தரப்புப் பணமும் வந்து சேர்ந்தால்தான் இரு தரப்புக்கும் கொடுக்கும். அதில் உள்ள 18 நாணயங்களில் சிங்கப்பூர் வெள்ளி உண்டு, ரிங்கிட் இல்லை.

கிரிப்டோ நாணய உலகம் இதே கேள்விக்கு வேறொரு பதிலைக் கண்டுபிடித்தது. நடுவரே வேண்டாம், கணக்கே காவல் காக்கும் என்பது அந்தப் பதில். 'இடைத்தரகர் இல்லாத பரிமாற்றம்' என்ற விளம்பரங்கள் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் அடிக்கடி வந்து விழுகின்றன. அதனால் இந்த வாரம் அது எப்படி வேலை செய்கிறது, எங்கே நம்மைக் கைவிடும் என்று பார்த்துவிடுவோம். வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல.

ஒன்றையொன்று பார்க்காத பேரேடுகள்

பிட்காயின் என்பது அடிப்படையில் ஒரு கணக்குப் பேரேடு. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே மாதிரியாக எழுதி வைத்துக்கொள்கின்றன. அந்தப் பேரேட்டைத்தான் பிளாக்செயின் என்கிறோம். லைட்காயின் இன்னொரு பேரேடு. எத்தேரியம் வேறொரு பேரேடு.

இவை ஒன்றையொன்று பார்ப்பதில்லை. 'லைட்காயின் பேரேட்டில் அவர் கொடுத்துவிட்டாரா என்று பார்த்துவிட்டு, இங்கே என் பிட்காயினை விடுவி' என்று பிட்காயின் பேரேட்டிடம் சொல்ல முடியாது. அங்கே நடப்பது இதற்குத் தெரியாது.

அதனால் பெரும்பாலோர் ஒரு பரிமாற்றத் தளத்துக்குப் போய், காசை அதன் கையில் கொடுத்து மாற்றிக்கொள்கிறார்கள். தளம் ஒழுங்காக இருக்கும்வரை இது வசதிதான். தோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் தளம் 2014 பிப்ரவரியில் திவாலானபோது ஏறத்தாழ 850,000 பிட்காயின்களைக் காணவில்லை என்றது. அவற்றில் 200,000 பிறகு கிடைத்தன. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் சரிந்தபோது, சிங்கப்பூரின் தெமாசெக் நிறுவனமே அதில் போட்டிருந்த 275 மில்லியன் அமெரிக்க டாலரைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 230 மில்லியன் அமெரிக்க டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. அதன் தாய் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது என்பதால் வழக்கு சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. வாடிக்கையாளர்களின் நாணயங்கள் ஓராண்டுக்கும் மேல் முடங்கிக் கிடந்தன.

கூட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டே போய்விட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஒருவர் கையில் எல்லார் காசும் சேர்ந்தால், அந்தக் கை தவறும் நாள் எல்லாருக்கும் கெட்ட நாள்.

ஒரு ரகசியம், இரண்டு பூட்டு

2013 மே மாதம் டியர் நோலன் என்ற பெயரில் எழுதிய ஒருவர் ஒரு வழியை முன்வைத்தார். அதற்கு 'அட்டாமிக் ஸ்வாப்' என்று பெயர் வந்தது. அணுவைப் பிளக்க முடியாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள் அல்லவா, அந்தப் பொருளில்தான் இந்தப் பெயர். பரிமாற்றம் முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது. பாதியில் நிற்காது. 2017 செப்டம்பரில், லைட்காயினை உருவாக்கிய சார்லி லீ, டெக்ரெட்டுடனும் பிட்காயினுடனும் லைட்காயினை இப்படி மாற்றிக் காட்டியபோது அது பரவலாகப் பேசப்பட்டது.

எப்படி என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். கிள்ளானில் ஓர் அக்காவிடம் பிட்காயின் இருக்கிறது, அவருக்கு லைட்காயின் வேண்டும். ஜூரோங்கில் ஒரு தம்பியிடம் லைட்காயின் இருக்கிறது, அவருக்குப் பிட்காயின் வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. எவ்வளவுக்கு எவ்வளவு என்று மட்டும் பேசி முடித்துவிட்டார்கள்.

முதலில் அக்காவின் கணினி ஒரு ரகசிய எண்ணை உருவாக்குகிறது. 78 இலக்கம் வரை நீளக்கூடிய எண் அது. யாராலும் ஊகிக்க முடியாது. அந்த ரகசியத்திலிருந்து கணினி ஒரு 'ஹாஷ்' எடுக்கிறது. ஹாஷ் என்பதைக் கைரேகை போல நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் நேரில் வந்தால் இது அவர் ரேகைதானா என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம். ரேகையை மட்டும் வைத்துக்கொண்டு ஆளின் முகத்தை வரைய முடியாது. ரகசியத்தில் ஓர் இலக்கம் மாறினாலும் ரேகை முற்றிலும் வேறாகிவிடும்.

அக்கா தன் பிட்காயினைப் பிட்காயின் பேரேட்டில் பூட்டி வைக்கிறார். அந்தப் பூட்டுக்கு இரண்டு விதி. இந்த ரேகைக்குப் பொருந்தும் ரகசியத்தைக் காட்டித் தம்பி தன் கையெழுத்தையும் போட்டால், காசு தம்பிக்கு. 48 மணி நேரம் ஆகியும் யாரும் எடுக்கவில்லை என்றால், அக்கா திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பேரேடு பொதுவானது என்பதால் தம்பியால் பூட்டைப் பார்க்க முடியும். தொகை சரியா, கெடு சரியா, பதிவு உறுதியாகிவிட்டதா என்று சரிபார்க்கிறார். பிட்காயினில் ஒரு பக்கம் எழுதப்பட ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். 6 பக்கம் தாண்டட்டும் என்று காத்திருந்தால் சுமார் ஒரு மணி நேரம். பிறகு அதே ரேகையை வைத்துத் தன் லைட்காயினை லைட்காயின் பேரேட்டில் பூட்டுகிறார். ரகசியத்தைக் காட்டினால் காசு அக்காவுக்கு. 24 மணி நேரத்தில் எடுக்காவிட்டால் தம்பிக்கே திரும்பும்.

இப்போது இரண்டு பெட்டியும் பூட்டியிருக்கின்றன. சாவி அக்காவிடம் மட்டும். அவர் லைட்காயின் பேரேட்டில் ரகசியத்தைக் காட்டித் தன் பங்கை எடுக்கிறார். காட்டிய அந்த நொடியே ரகசியம் ஊரறிந்த செய்தி ஆகிவிடுகிறது. தம்பி அதைப் பார்த்து, அதே ரகசியத்தைப் பிட்காயின் பேரேட்டில் காட்டித் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். வேடிக்கை பார்க்கும் மூன்றாமவர் அந்த ரகசியத்தைக் கொண்டு எதையும் எடுக்க முடியாது. தம்பியின் கையெழுத்து அவரிடம் இல்லையே.

அக்கா தன் பங்கை எடுக்கும் செயலே தம்பிக்குச் சாவியைக் கொடுத்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஏன் 48, ஏன் 24?

இரண்டு கெடுவும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டுக்கும் 24 மணி நேரம் என்று வையுங்கள். அக்கா கடைசி நிமிடம்வரை பேசாமல் இருந்துவிட்டு, 23 மணி 59 நிமிடத்தில் ரகசியத்தைக் காட்டி லைட்காயினை எடுக்கிறார். தம்பி ரகசியத்தைப் படித்துவிட்டு ஓடி வருவதற்குள் கெடு முடிந்துவிடும். உடனே அக்கா தன் பிட்காயினையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் அவர் கையில்.

அதைத் தடுக்கத்தான் ரகசியத்தை வைத்திருப்பவரின் காசு நீண்ட நேரம் பூட்டிக் கிடக்க வேண்டும் என்ற விதி. அக்கா எவ்வளவு தாமதித்தாலும் தம்பிக்கு ஏறத்தாழ ஒரு நாள் மீதம் இருக்கும். நடுவர் செய்த வேலையை இங்கே கடிகாரம் செய்கிறது.

இந்தப் பூட்டு கிரிப்டோ ஆர்வலர்களின் விளையாட்டாக மட்டும் நின்றுவிடவில்லை. 2019 மே மாதம் சிங்கப்பூர் நாணய ஆணையமும் கனடாவின் மத்திய வங்கியும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டன. சிங்கப்பூரின் 'உபின்' திட்டமும் கனடாவின் 'ஜாஸ்பர்' திட்டமும் வெவ்வேறு தொழில்நுட்பத்தில் எழுதப்பட்ட இரண்டு பேரேடுகள். நடுவில் மூன்றாம் தரப்பை வைக்காமல், இதே ரேகையும் கெடுவும் கொண்ட பூட்டை வைத்தே எல்லை கடந்த பணப் பரிமாற்றத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். பூட்டு வேலை செய்தது. ஹெர்ஷ்டாட் காலத்துக் கேள்விக்கு இது ஒரு பதிலாக வரலாம் என்று மத்திய வங்கிகளே எண்ணிப் பார்த்த யோசனை இது.

ஆக, கணக்கு பொய்யில்லை. பிறகு ஏன் எல்லாரும் இதைச் செய்யவில்லை? கிரிப்டோ வாங்கி விற்பவர்களில் மிகப் பலர் இன்னும் நடுவரைத்தானே நாடுகிறார்கள்?

நடுவர் போனார், வேலை போகவில்லை

நடுவரை நீக்கிவிடலாம். அவர் செய்துகொண்டிருந்த வேலையை நீக்க முடியாது. அது நம் தலையில் வந்து உட்காரும். என்னென்ன வேலை என்று பாருங்கள்.

முதல் வேலை விழித்திருப்பது. அக்கா ரகசியத்தைக் காட்டி லைட்காயினை எடுத்துவிட்டார் என்று வையுங்கள். தம்பியின் கைப்பேசி கெட்டுப்போய் இரண்டு நாள் பழுதுபார்க்கும் கடையில் கிடக்கிறது. 48 மணி நேரம் முடிந்ததும் அக்கா பிட்காயினையும் எடுத்துக்கொள்ளலாம். தம்பிக்கு எதுவும் இல்லை. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை, பூட்டு அதன் விதிப்படியே நடந்தது. 'பாதியில் நிற்காது' என்ற உறுதிமொழி, நேரத்துக்கு வருகிறவருக்கு மட்டுமே உரியது. பிட்காயினில் கெடு முடிந்ததும் காசு தானாக ஓடி வந்துவிடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். திரும்ப எடுக்கும் கட்டளையை உங்கள் செயலியோ நீங்களோ அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, விலை. இரு பெட்டியும் பூட்டிய பிறகு சாவி அக்காவிடம் மட்டும் இருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் லைட்காயின் விலை சரிந்தால் அவர் பேசாமல் இருந்துவிடலாம். கெடு முடிந்ததும் அவரவர் காசு அவரவருக்கு. விலை ஏறினால் ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். இலாபம் என்றால் நடக்கும், நட்டம் என்றால் நடக்காது என்ற வாய்ப்பு அக்காவுக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. தம்பியின் காசோ ஒரு நாள் முழுக்க எதற்கும் உதவாமல் பூட்டிக் கிடக்கிறது. நாணய மாற்றுக் கடையில் விகிதம் சொன்ன மறு நிமிடம் காசு கைக்கு வருவதால், இந்தச் சிக்கல் நம் கண்ணில் பட்டதே இல்லை. கெடுவைச் சுருக்குவது, முன்பணம் வாங்குவது என்று சில தீர்வுகள் வந்துள்ளன. சுருக்கினால் முதல் வேலை இன்னும் கடினமாகிறது.

மூன்றாவது, கட்டணம். பூட்ட ஒன்று, திறக்க ஒன்று என இரண்டு பேரேட்டிலும் சேர்த்து நான்கு பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு, அது நாளுக்கு நாள் மாறும். 2024 ஏப்ரல் 20ஆம் தேதி பிட்காயினில் ஒரு பதிவுக்கான சராசரிக் கட்டணம் 100 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அன்று 300 ரிங்கிட் மாற்ற நினைத்தவருக்குக் கட்டணமே முதலை விழுங்கியிருக்கும்.

நான்காவது, ஆள் தேடுவது. உங்களுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, உங்களிடம் இருப்பதைக் கேட்கும் ஒருவர், அதே நேரத்தில், அதே தொகைக்கு வேண்டும். பிஸ்க், டெக்ரெட் டெக்ஸ் போன்ற திறந்த மென்பொருள்கள் காசைத் தங்கள் கையில் வாங்காமல் ஆளை ஆளோடு சேர்த்துவைக்கின்றன. பெரிய தளத்தில் இருக்கும் கூட்டம் அங்கே இருப்பதில்லை. கூட்டம் குறைந்தால் விகிதமும் பாதகமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பூட்டுகள் பேரேட்டில் உள்ள நாணயங்களுக்கு மட்டும்தான். நீங்கள் வாங்கும் அரிசியும் கட்டும் வீட்டுக்கடனும் ரிங்கிட்டிலோ வெள்ளியிலோ இருக்கின்றன. நம் வங்கிக் கணக்கில் அந்தப் பூட்டைப் போட முடியாது. உள்ளே போகும் வாசலிலும் வெளியே வரும் வாசலிலும் ஒரு நடுவர் நின்றுகொண்டேதான் இருப்பார்.

ஒரே பெயர்ப்பலகை, மூன்று கடை

'இடைத்தரகர் இல்லை' என்ற பலகையை மாட்டிக்கொண்டிருக்கும் எல்லாமே மேலே சொன்ன பூட்டு அல்ல. குறைந்தது மூன்று வகை இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதல் வகை, நாம் பார்த்த அட்டாமிக் ஸ்வாப். இதில் உங்கள் காசு எந்த நேரத்திலும் மூன்றாமவர் கைக்குப் போவதில்லை.

இரண்டாம் வகை, பாலம். உங்கள் நாணயத்தை ஒரு பேரேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, மறு பேரேட்டில் அதற்கு ஈடாக ஒரு சீட்டு கொடுப்பார்கள். அசல் ஒரு பெட்டகத்தில் இருக்கும். அந்தப் பெட்டகத்தின் சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி. பிலிப்பீன்ஸில் பலர் வருமானத்துக்காகவே விளையாடிய ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டுக்கு 'ரோனின்' என்ற பாலம் இருந்தது. மொத்தம் 9 சாவி, அவற்றில் 5 சேர்ந்தால் திறக்கும். 2022 மார்ச்சில் திருடர்கள் 5 சாவியைக் கைப்பற்றி 600 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல் அள்ளிப் போனார்கள். திருட்டு நடந்தது 23ஆம் தேதி, கண்டுபிடிக்கப்பட்டது 29ஆம் தேதி. அதே ஆண்டு பிப்ரவரியில் வோர்ம்ஹோல் என்ற இன்னொரு பாலத்தில் 300 மில்லியன் டாலருக்கும் மேல் போனது. ஆகஸ்டில் நோமாட் பாலத்தில் ஏறத்தாழ 190 மில்லியன். பாலத்தில் இடைத்தரகர் இல்லை என்பது பேச்சுக்குத்தான். நடுவில் ஒரு பெட்டகமும் சிலருடைய சாவியும் இருக்கத்தான் செய்கின்றன.

மூன்றாம் வகை, பொதுக் குளம். பலர் சேர்ந்து நாணயங்களைக் குளத்தில் போட்டு வைப்பார்கள். நீங்கள் ஒரு நாணயத்தைப் போட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். தோர்செயின் இதற்குப் பெயர் பெற்றது. ஒரு தனி நிறுவனத்தின் கையில் சாவி இல்லை, பல கணினிகள் கூட்டாகக் காவல் காக்கின்றன. வசதி அதிகம், ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூட்டுக் காவலையும் அதை இயக்கும் நிரலையும் நீங்கள் நம்பியாக வேண்டும். 2021 ஜூலையில் அதே நிரலில் இருந்த ஓட்டைகளால் தோர்செயின் ஒரே மாதத்தில் இரண்டு முறை மில்லியன் கணக்கில் இழந்தது.

நடுவர் இல்லாததற்கு இன்னொரு விலையும் உண்டு. 2025 பிப்ரவரி 21ஆம் தேதி பைபிட் பரிமாற்றத் தளத்திலிருந்து சுமார் 1.5 பில்லியன் அமெரிக்க டாலர் மதிப்புள்ள ஈத்தர் திருடப்பட்டது. வடகொரியாவின் வேலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. திருடியதில் பெரும்பகுதி தோர்செயின் வழியாகவே பிட்காயினாக மாறியது. நிறுத்துங்கள் என்று குரல்கள் எழுந்தன. எல்லாருக்கும் திறந்த கதவு திருடனுக்கும் திறந்துதான் இருக்கும் என்று மறுகுரலும் எழுந்தது. நம் பணத்தை யாரும் முடக்க முடியாது என்பதை விரும்புகிறவர், நம்மிடமிருந்து திருடிய பணத்தையும் யாரும் முடக்க முடியாது என்பதைச் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டமும் வீடும்

மலேசியாவில் 2019 ஜனவரி 15 முதல் மின்னிலக்க நாணயங்கள் பங்குப் பத்திரச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எஸ்.சி. என்று நாம் சொல்லும் பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவு பெற்ற பரிமாற்றத் தளங்கள்தான் இங்கே சேவை வழங்கலாம். பட்டியல் ஆணையத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் கட்டணச் சேவைச் சட்டத்தின் கீழ் நாணய ஆணையம் உரிமம் கொடுக்கிறது. பொதுமக்களிடம் கிரிப்டோவை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 2022 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. வாடிக்கையாளர் சொத்தைத் தனியே அறக்கட்டளைக் கணக்கில் வைக்க வேண்டும் என்று 2023இல் அறிவித்தது.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் நடுவரைக் கட்டுப்படுத்துபவை. நடுவரே இல்லாத இடத்தில் இவற்றால் உங்களுக்கு உதவ முடியாது. தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டால் அழைக்க எண் இல்லை, புகார் கொடுக்க முகப்பு இல்லை.

இளையர்கள் யோசிக்காமல் விடும் ஒன்று, வீட்டில் இருப்பவர்கள். தளத்தில் கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வாரிசுகள் இறப்புச் சான்றிதழையும் நீதிமன்ற ஆவணத்தையும் கொண்டுபோய் ஒரு நிறுவனத்திடம் நிற்கலாம். நேரம் ஆகும், அலைச்சல் உண்டு, ஆனால் நிற்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது. காசைத் தானே வைத்துக்கொண்டு நேரடியாக மாற்றுபவரின் சொத்து, 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புச் சொற்றொடருக்குள் அடங்கியிருக்கிறது. அது எங்கே என்று மனைவிக்கோ கணவருக்கோ தெரியாவிட்டால், அந்தச் சொத்து பேரேட்டில் என்றென்றும் தெரிந்துகொண்டே இருக்கும், யாராலும் தொட முடியாது. நகை எந்த வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது என்று அம்மாக்கள் மூத்த மகளிடம் சொல்லி வைப்பதில்லையா, அந்தப் பழக்கம் இங்கே இருமடங்கு தேவை. சொற்களைத் தாளில் எழுதி, பத்திரமான இடத்தில் வைத்து, இடத்தை மட்டும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கைப்பேசியில் படம் பிடித்து வைக்காதீர்கள்.

டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ ஒருவர் வந்து, 'இடைத்தரகர் இல்லாமல் மாற்றலாம் அண்ணே, நான் சொல்லித் தருகிறேன், இந்த இணைப்பைத் தட்டுங்கள்' என்றால், வந்திருப்பவர்தான் இடைத்தரகர். உரிமம் இல்லாத, முகவரி இல்லாத இடைத்தரகர். உண்மையான அட்டாமிக் ஸ்வாப்பில் யாரும் உங்கள் மீட்புச் சொற்களைக் கேட்க மாட்டார்கள், 'முதலில் கொஞ்சம் அனுப்பிக் காட்டுங்கள்' என்று சொல்லவும் மாட்டார்கள்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

தொழில்நுட்பத்தில் ஆர்வம் உள்ளவர்கள் இதை ஒரு முறை செய்து பார்ப்பதில் தவறில்லை. போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய தொகையில், கட்டணம் குறைவாக இருக்கும் நாளில், அடுத்த இரண்டு நாளுக்குக் கைப்பேசியைக் கண்காணிக்க முடியும் என்றால் மட்டும் செய்யுங்கள். செயலியை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பிள்ளைகளின் கல்விக்கும் வீட்டு முன்பணத்துக்கும் சேர்த்த காசு இந்தச் சோதனைக்கு உரியது அல்ல.

எந்தப் பெயரில் எந்தச் செயலி வந்தாலும், பிள்ளைகள் வந்து காட்டினாலும், நண்பர் பரிந்துரைத்தாலும், ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பரிமாற்றம் பாதியில் நின்றுபோனால், அந்த நேரத்தில் என் காசு யார் கையில் இருக்கும்?

'உங்கள் கையில்தான், இத்தனை மணி நேரத்துக்குப் பிறகு நீங்களே எடுத்துக்கொள்ளலாம்' என்பது பதிலானால், அது பூட்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. 'எங்கள் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும்' என்பது பதிலானால், அங்கே ஒரு நடுவர் இருக்கிறார். அவர் பெயர், முகவரி, உரிம எண் மூன்றையும் கேளுங்கள். பதிலே வரவில்லை என்றால், கைப்பேசியை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.